யார் கூற்று? – இணையப் பாதுகாப்பும் வாசிப்புப் பழக்கமும்

இணையத்தில் பாதுகாப்பாக இருப்பது எப்படி என்று கூறும் பத்துக் கட்டளைப் பட்டியலொன்று, ஏதேனும் ஒரு வாட்ஸ்அப் குழுவின் வழியாக அவ்வப்போது நம்மை வந்தடைகிறது. கடவுச்சொல்லை மாற்றுக, அறியாத இணைப்பைத் தொடாதீர், ஓ.டி.பி.யை எவருக்கும் சொல்லாதீர் என்று அது அறிவுறுத்தும். சொல்லப்படுபவை பெரும்பாலும் சரியானவைதாம். ஆயினும் அப்பட்டியலைப் படித்து, பத்துப் பேருக்கு அனுப்பியும் வைத்தவரே மறுமாதம் பணத்தை இழந்து நிற்பதையும் காண்கிறோம். காரணம் எளிது. பட்டியல் பூட்டைப் பற்றிப் பேசுகிறது. இன்றைய திருட்டில் பெரும்பகுதியோ பூட்டை உடைத்து நடப்பதன்று. வீட்டுக்காரரே எழுந்து வந்து கதவைத் திறக்கும்படி வெளியே நின்று பேசியே நடத்தப்படுவது.

பேசுதல் மொழியின் செயல். ஏமாற்றும் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் செயலியின் அனுமதிக் கேள்வியும், எவரோ ஒருவர் ஒரு பயனை நாடி எழுதிய பனுவல்களே. ஆகவே இணையப் பாதுகாப்பின் முதற்பாதி வாசிப்புப் பயிற்சி என்பது நம் கருத்து. இதைக் கணினித்துறையின் வேலையென்று விட்டுவிட்டுத் தமிழ் படித்தவர்கள் ஒதுங்கியிருப்பது பொருத்தமன்று. சொல்லப்போனால் இதற்கான கருவிகள் நம் கையில் நெடுங்காலமாகவே உள்ளன.

ஐந்து கேள்விகள்

தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்பனவும் உண்டு. அகப்பாடல் ஒன்றைக் கையிலெடுத்தால் இது யார் கூற்று, யாரை நோக்கியது, எவ்விடத்தது, எப்பொழுது, என்ன பயன் கருதியது என்று கேட்டுத்தான் பொருள் காணத் தொடங்குகிறோம். இக்கேள்விகளை எழுப்பாமல் பாடலைப் படித்தால் தோழி சொன்னதைத் தலைவி சொன்னதாகக் கொண்டுவிடுவோம். கைப்பேசியிலும் நேர்வது அதுவே.

2022ஆம் ஆண்டில் தமிழகம் உள்ளிட்ட பல மாநிலங்களில் பரவிய ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். சென்ற மாத மின்கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த அலுவலரை அழைக்கவும் என்பது அதன் சாரம். கூற்று யாருடையது? மின்வாரியம் என்கிறது; வந்ததோ ஒரு தனிநபரின் பத்து இலக்க எண்ணிலிருந்து. கேட்போர் யார்? ‘அன்புள்ள நுகர்வோரே’ என்றுள்ளது. மின் இணைப்பு எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. களன் எது? அலுவலகமோ அதன் இணையதளமோ அன்று, ஒரு தனி எண். காலம்? இன்றிரவே, அலுவலகங்கள் மூடிய பின் வரும் பொழுது. பயன்? அழைத்தவரை ஒரு செயலியை நிறுவச் செய்து, அதன் வழியே அவருடைய திரையைத் தொலைவிலிருந்து காண்பது. ஐந்தில் இரண்டு கேள்விகளைக் கேட்டிருந்தாலே செய்தி குலைந்துபோயிருக்கும்.

‘டிஜிட்டல் கைது’ என்ற பெயரில் நடப்பதும் இவ்வகையே. காவல் அதிகாரி உடையில் ஒருவர் காணொளி அழைப்பில் தோன்றி, உம் பெயரில் வந்த பொட்டலத்தில் போதைப்பொருள் இருந்தது, விசாரணை முடியும்வரை கேமராவை அணைக்கக் கூடாது என்று மிரட்டுவார். இத்தகைய கைது எதற்கும் நம் சட்டத்தில் இடமில்லை. 2024 அக்டோபரில் நாட்டின் பிரதமரே வானொலி உரையில் இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. இதில் அஞ்சிப் பணம் செலுத்தியவர்களுள் படித்தோரும், ஓய்வுபெற்ற உயர் அலுவலரும் உண்டு. எனவே இதைப் படிப்பறிவின் குறை என்று சொல்லிவிட முடியாது. அச்சமும் அவசரமும் சேர்ந்தால் எவரும் வாசகராக நிற்பதில்லை, வெறும் கேட்போராகிவிடுகிறோம். அவசரப்படுத்தும் செய்தி எதுவாயினும் அதற்கு உடனே இணங்காதிருத்தலே முதல் காப்பு.

நடையும் அடையாளமும்

நமக்கு அறிமுகமான மூத்த தமிழறிஞர் ஒருவரின் வாட்ஸ்அப் கணக்கு சில ஆண்டுகளுக்குமுன் பறிபோயிற்று. தெரிந்தவர் ஒருவரின் பெயரில் வந்த செய்தி, தவறுதலாக உங்கள் எண்ணுக்கு வந்துவிட்ட ஆறிலக்க எண்ணை அனுப்பி உதவுக என்று கேட்டது. அவர் அனுப்பிவிட்டார். அந்த ஆறிலக்கம்தான் அவர் கணக்கை வேறொரு கைப்பேசியில் திறக்கும் சாவி. அடுத்த அரைமணியில் அவருடைய மாணவர்கள் பலருக்கும் ‘ஹாய், அர்ஜென்ட்டா கொஞ்சம் பணம் வேணும்’ என்று செய்தி போயிற்று. இருவர் அனுப்பினர். மூன்றாமவர் அனுப்பவில்லை. ஐயா ‘அன்புடையீர்’ என்று தொடங்காமல் எழுதியதை இருபதாண்டுகளில் பார்த்ததில்லை என்று அவர் உடனே வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்தார். ஒரு கணக்கின் திருட்டை வெளிப்படுத்தியது மென்பொருளன்று, நடையறிவு.

ஆனால் நடையை மட்டும் நம்பியிருக்கும் காலமும் கடந்துவிட்டது. ஒருவர் எழுதியவற்றைத் தந்தால் அவரைப்போலவே எழுதும் நிரல்களும், சிறிது நேரப் பேச்சைக் கேட்டு அதே குரலில் பேசும் நிரல்களும் இன்று எவருக்கும் எட்டுகின்றன. ஆகவே அந்த மாணவர் செய்ததில் நாம் கைக்கொள்ள வேண்டியது இரண்டாவது பாதியை: செய்தி வந்த வழியே மறுமொழி கூறாமல், முன்னரே அறிந்த வேறொரு வழியில் சென்று கேட்டறிதல். வாட்ஸ்அப்பில் வந்த வேண்டுகோளைத் தொலைபேசியில் உறுதி செய்க. தொலைபேசியில் வங்கியின் பெயரால் பேசுபவரிடம் விடைபெற்று, வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள எண்ணை அழைக்க. அவ்வெண்ணைத் தேடுபொறியில் தேடுவதும் ஆபத்தே. போலி உதவி எண்கள் அங்கேதான் விரித்து வைக்கப்பட்டிருக்கின்றன.

வாட்ஸ்அப்பில் இரு-படிச் சரிபார்ப்பு என்னும் வசதி 2017 முதல் உண்டு. அமைப்புகளில் கணக்கு என்னும் பகுதிக்குள் சென்று நாமே ஓர் ஆறிலக்க எண்ணை நிறுவிக்கொள்ளலாம். பிறகு குறுஞ்செய்தியில் வரும் எண் திருடனின் கைக்குப் போனாலும் கணக்கு திறக்காது. இதைச் செய்யாதிருந்தால், கணக்கைப் பறித்தவன் முந்திக்கொண்டு தன் எண்ணை அங்கே நிறுவிவிடக்கூடும். அப்போது உரியவர் மீண்டும் உள்ளே நுழைய ஏழு நாள் காத்திருக்க நேரும். இரண்டு நிமிட வேலையைத் தள்ளிப்போடுவதற்கு ஏழு நாள் மிகையான விலை.

முகவரியில் பாடபேதம்

ஏடு பார்த்துப் பதிப்பித்தவர்கள் எழுத்து மயக்கத்தோடு போராடினார்கள். புள்ளியில்லா மெய்யும், ரகரமும் காலும் ஒன்றாய்த் தோன்றும் வரிகளும் அவர்களுக்கு அன்றாடத் தொல்லை. இன்றும் தமிழ் எண் ஒன்றை ககரத்திலிருந்தும், இரண்டை உகரத்திலிருந்தும், ஏழை எகரத்திலிருந்தும் வடிவத்தால் மட்டும் பிரித்தறிவது அரிது. இம்மயக்கத்தையே உலாவியின் முகவரிப் பட்டையில் மோசடியாளர் முதலாக்குகின்றனர். ரோமன் எழுத்து ‘ஏ’யும், ரஷ்ய மொழியின் சிரிலிக் எழுத்து ‘அ’வும் கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு வேறு. எழுத்து ‘ஓ’வும் சுழியமும், சிறிய ‘எல்’லும் எண் ஒன்றும் அப்படியே. உலாவிகள் இத்தகைய கலப்புகளில் பலவற்றைத் தாமே காட்டிக்கொடுக்கின்றன என்றாலும் எல்லாவற்றையும் அன்று.

முகவரியை இடப்பக்கமிருந்து படிப்பதுதான் இங்கே நேரும் முதன்மையான பிழை. வங்கியின் பெயர் முதலில் நிற்கக் கண்டு நம்பிவிடுகிறோம். ‘டாட் காம்’, ‘டாட் இன்’ போன்ற இறுதியை அடுத்த சாய்கோடு வரையில் எடுத்துக்கொண்டு, அதன் முடிவிலிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும். தளத்தின் உரிமையாளர் யார் என்பதை அக்கடைசிப் பகுதியே சொல்லும். முன்னால் நிற்கும் பெயரை எவரும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம். அது வீட்டு வாசலில் எழுதிய பெயரைப் போன்றது, பத்திரத்தில் உள்ள பெயரன்று.

பூட்டுச் சின்னத்தைக் காட்டி இத்தளம் நம்பத்தக்கது என்று இன்னமும் பலர் சொல்கின்றனர். அச்சின்னம் உணர்த்தியது ஒன்றே: நமக்கும் அத்தளத்துக்கும் இடையே செல்வதை நடுவிலிருப்போர் படிக்க முடியாது. மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவரா என்பதை அது சொல்வதில்லை. திருடனோடும் நாம் இரகசியமாகப் பேச முடியும். இத்தவறான புரிதல் பரவியிருந்தமையால்தான் கூகுள் குரோம் 2023இல் பூட்டுச் சின்னத்தையே கைவிட்டது. வங்கி, மின்வாரியம், பல்கலைக்கழகம் ஆகியவற்றின் முகவரிகளை ஒருமுறை சரிபார்த்து உலாவியில் குறித்து வைத்துக்கொண்டு, எப்போதும் அக்குறிப்பின் வழியே செல்வது நல்லது. உலாவி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளக் கேட்கும்போது ஒத்திப்போடாதிருப்பதும் அவ்வாறே. கண்டறியப்பட்ட ஓட்டைகளை அடைப்பதே பெரும்பாலான புதுப்பிப்புகளின் வேலை.

ஜெராக்ஸ் கடைகளைப் பற்றியும் ஒரு சொல். ஆய்வேட்டுப் பக்கங்களை அச்செடுக்கவும் விண்ணப்பம் நிரப்பவும் நம் மாணவர்கள் கடைக் கணினியில் மின்னஞ்சலைத் திறக்கிறார்கள், வாட்ஸ்அப் வெப்பை இணைக்கிறார்கள். தாள்களை வாங்கிக்கொண்டு பேருந்தைப் பிடிக்க ஓடும் அவசரத்தில் வெளியேற மறந்துவிடுகிறார்கள். அடுத்து அமர்பவர் அவர்களுடைய உரையாடல் முழுவதையும் படிக்கலாம். வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற பகுதியையும், மின்னஞ்சலிலும் முகநூலிலும் எங்கெங்கே உள்நுழைந்திருக்கிறோம் என்று காட்டும் பகுதியையும் மாதம் ஒருமுறை திறந்து பார்த்து, அறியாதவற்றை நீக்குவது நல்ல பழக்கம்.

கடவுச்சொல் என்னும் சொல்

பட்டியல்களை அப்படியே நம்ப வேண்டாம் என்பதற்குக் கடவுச்சொல்லின் வரலாறே சான்று. பெரிய எழுத்து, எண், குறியீடு ஆகியவற்றைக் கலந்து அமைக்க வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும் என்ற விதி 2003இல் அமெரிக்கத் தர நிறுவனத்துக்காக பில் பர் எழுதிய வழிகாட்டியிலிருந்து உலகெங்கும் பரவியது. 2017இல் அந்நிறுவனம் விதியைத் திருத்தியது. எழுதியவரே அதற்காக வருந்தினார். அடிக்கடி மாற்றச் சொன்னால் மனிதர் கடைசி எண்ணை மட்டுமே மாற்றுகின்றனர் என்பதும், நீளமே வலிமை என்பதும் தெளிவாகிவிட்டிருந்தன. நம் அலுவலகங்கள் பலவற்றில் 2003ஆம் ஆண்டின் விதிதான் இன்னும் ஆட்சி செய்கிறது.

2009 டிசம்பரில் ராக்யூ என்ற நிறுவனத்தின் கிடங்கிலிருந்து 3 கோடிக்கும் மேற்பட்ட கடவுச்சொற்கள் வெளியாயின. அவற்றுள் மிகுதியாகக் காணப்பட்டது 123456. அப்பட்டியலை இன்றும் திருடர்கள் சொற்களஞ்சியமாகப் பயன்படுத்துகின்றனர். ஆகவே ஒரு தளத்தில் கசிந்த சொல் வேறெங்கும் நமக்குப் பயன்படாது. ஒவ்வொரு கணக்குக்கும் தனிச்சொல் வேண்டும். தொடர்பற்ற நான்கைந்து சொற்களைக் கோத்தால் நீளமும் கிடைக்கும், நினைவிலும் நிற்கும். தமிழ் படித்தோர்க்குச் சொற்பஞ்சம் இல்லை. ஆனால் எல்லோரும் அறிந்த குறளடியையோ பாட்டின் பல்லவியையோ வைப்பது பாதுகாப்பன்று. நமக்கு நினைவில் உள்ளது பிறர்க்கும் நினைவில் உண்டு. எல்லாவற்றையும் மனத்தில் வைக்க இயலாதவர்கள் கடவுச்சொல் காப்பகச் செயலியைப் பயன்படுத்தலாம். அதுவும் கடினமெனில் வீட்டு அலமாரியில் பூட்டி வைத்த குறிப்பேடு, எல்லாக் கணக்குக்கும் ஒரே சொல் வைப்பதைவிட மேலானது. மின்னஞ்சல் கணக்குக்கு மட்டும் இரு-படிச் சரிபார்ப்பைத் தவறாமல் அமைத்துவிட வேண்டும். மற்றக் கணக்குகள் பலவற்றின் சாவி அங்கே தொங்குகிறது.

கேட்கும் செயலிகள்

2013 டிசம்பரில் அமெரிக்க வணிக ஆணையம் ஒரு கைவிளக்குச் செயலியின் மீது நடவடிக்கை எடுத்தது. கோடிக்கணக்கில் தரவிறக்கப்பட்ட அச்செயலி, விளக்கை எரியவைத்ததோடு பயனர் இருக்குமிடத்தையும் விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கைவிளக்குக்கு ஊர் தெரிய வேண்டிய தேவை என்ன என்று அதை நிறுவியவர் எவரும் கேட்டிருக்கலாம். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், ஒவ்வோர் அனுமதியையும் செயலி தனித்தனியே கேட்டுப் பெறும் முறை அமைந்தது. கேள்வி நம் முன் வந்துவிட்டது. நாமோ வாசிக்காமல் ‘அனுமதி’ என்பதை அழுத்திக்கொண்டிருக்கிறோம்.

நாம் தரும் அனுமதி நம்மோடு நிற்பதுமில்லை. 2018இல் அம்பலமான கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தில், ஆளுமைத் தேர்வுச் செயலியொன்றை நிறுவியோர் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர்தாம். அவர்களுடைய நட்பு வட்டத்தின் வழியாகச் சென்ற தகவலோ 8 கோடியே 70 லட்சம் பேர் வரையிலானது. ‘முற்பிறவியில் நீங்கள் எந்த மன்னர்?’ என்ற விளையாட்டை முகநூலில் ஆடுவதற்குமுன் இக்கணக்கை எண்ணிப் பார்க்கலாம்.

2024ஆம் ஆண்டின் இறுதியில் வாட்ஸ்அப் வழியே திருமண அழைப்பிதழ்கள் என்ற பெயரில் ஏ.பி.கே. கோப்புகள் உலவின. அழைப்பிதழ் படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ வரும், ஏ.பி.கே. என்று முடிவது செயலி. தொட்டு நிறுவினால் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். அதைத் தந்தால் வங்கி அனுப்பும் ஓ.டி.பி. நம் கண்ணில் படுமுன்னர் திருடனிடம் சேரும். பெயரின் இறுதியில் நிற்கும் மூன்றெழுத்தைப் படித்தால் போதும், கல்யாணம் யாருக்கு என்பது விளங்கிவிடும். செயலிகளை அதிகாரபூர்வக் கடையிலிருந்தன்றி நிறுவாதிருத்தல் எளிய விதி.

புரியாத மொழியில் ஒப்புதல்

இதுகாறும் வாசகரின் கடமையைச் சொன்னோம். எழுதுவோரின் கடமையையும் சொல்லாவிடில் நியாயமாகாது. ஓ.டி.பி. செய்தியிலேயே ‘எவரிடமும் பகிர வேண்டாம்’ என்ற எச்சரிக்கை இருக்கிறது, பெரும்பாலும் ஆங்கிலத்தில். செயலிகளின் நிபந்தனைகளும் நீண்ட சட்ட ஆங்கிலத்தில் உள்ளன. தமிழில் தரப்படும் இடங்களிலும், ஆங்கிலத்தின் நிழலாகப் பிறந்த, தமிழர் எவரும் பேசாத தமிழாக அது இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறோம். படித்தாலும் விளங்காத ஒன்றைப் படிக்காமல் விட்டதற்காக எளியவரைக் குறைகூறுவது எவ்வாறு தகும்? இந்தியாவின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, ஒப்புதல் கோரும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளிலும் பெறும் வாய்ப்பை மக்களுக்கு வழங்க வேண்டும் என்கிறது. அவ்வட்டவணையில் தமிழும் உண்டு. அந்தத் தமிழை யார் எழுதப்போகிறார்கள் என்பதே இப்போதைய கேள்வி. எந்திர மொழிபெயர்ப்பின் கையில் அது விடப்படுமானால் சட்டம் தந்த உரிமை ஏட்டளவில் நிற்கும். தமிழ்த்துறைகள் தாமே முன்வந்து கேட்டுப்பெற வேண்டிய பணி இது.

எழுத்தைக் காத்தல்

இலக்கிய அன்பர்களுக்குப் பணத்தினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. ஜியோசிட்டீஸ் 2009இலும், ஆர்குட் 2014இலும், கூகுள் பிளஸ் 2019இலும், யாஹூ குழுமங்கள் 2020இலும் மூடப்பட்டன. அவற்றோடு எத்தனையோ தமிழ் விவாதங்களும் கவிதைகளும் போயின. இன்று பலருடைய பத்தாண்டு எழுத்து முகநூலில் மட்டுமே இருக்கிறது. கணக்கு களவுபோனாலோ முடக்கப்பட்டாலோ அத்தனையும் ஓரிரவில் மறையும். ஏடுகள் கரையானுக்கு இரையானதை எண்ணி வருந்தும் நாம், ஒரே பிரதியை அந்நியர் கிடங்கில் வைத்துவிட்டு உறங்குகிறோம். முகநூலும் கூகுளும் நம் பதிவுகளை மொத்தமாகத் தரவிறக்கும் வசதியைத் தருகின்றன. ஆண்டுக்கு இருமுறை அதைச் செய்து தனி வட்டில் சேமிக்கலாம்.

எழுதியவர் மறைந்தபின் என்னாகும் என்பதையும் எண்ண வேண்டும். நம் காலத்துக்குப்பின் கணக்கை யார் பார்த்துக்கொள்வது என்று குறித்து வைக்கும் வசதி கூகுளில் 2013 முதலும் முகநூலில் 2015 முதலும் உண்டு. இரண்டாண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையைக் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. ஆகவே மூத்த எழுத்தாளர்களின் குடும்பத்தாரும் மாணவர்களும் இதை அவர்களோடு அமர்ந்து இப்பொழுதே செய்து முடிப்பது நலம். இதைக் கேட்பது அமங்கலம் என்று தயங்க வேண்டியதில்லை. உயில் எழுதுவதை நாம் அமங்கலம் என்பதில்லையே.

வெட்கம் வேண்டா

எல்லாக் காப்பையும் மீறி ஏமாற்றம் நேரலாம். அப்போது திருடனுக்குத் துணைநிற்பது நம் வெட்கமே. பேராசிரியர் ஏமாந்தார் என்று ஊர் சிரிக்குமே என அஞ்சி மூன்று நாள் மறைப்பவர் உண்டு. பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் தடுத்து நிறுத்த வாய்ப்புள்ள முதல் சில மணி நேரம் அவ்வாறு வீணாகிறது. 1930 என்ற தேசிய உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். வங்கிக்கும் சொல்ல வேண்டும். கணக்கு பறிபோயிருந்தால் நண்பர்களுக்கு வேறு வழியில் அறிவிக்க வேண்டும். ஏமாந்தவரைப் பார்த்து ‘படித்தவர்தானே நீங்கள்?’ என்று கேட்பதை நாமும் விட்டொழிக்க வேண்டும். அக்கேள்விக்கு அஞ்சியே அடுத்தவர் வாய் திறப்பதில்லை.

வரும் கல்வியாண்டிலிருந்தேனும் முதலாமாண்டுத் தமிழ் வகுப்பில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். புதிய பாடநூல் தேவையில்லை. மாணவரின் கைப்பேசிக்கு அவ்வாரம் வந்த ஐயத்துக்குரிய செய்தி ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, யார் கூற்று என்று கேட்டால் போதும். அந்த மாணவர் மாலையில் வீடு திரும்பித் தம் பாட்டியின் கைப்பேசியை வாங்கிப் பார்த்து அதே கேள்வியைக் கேட்பாரானால், நாம் கற்பித்த இலக்கணம் ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் காத்ததாகும்.